மாத்திரை முழுங்கும் மண்!

கேம்பஸ் லேப்

டெட்ராசைக்ளின் குடும்பத்து மாத்திரை எதையாவது டாக்டர் உங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தா, மெடிக்கல் ஷாப் அண்ணன் அதைக் கவர்ல போடும்போதே ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக் கொடுத்திருப்பார். பாலோட சாப்பிடக் கூடாது. இரும்புச் சத்து மாத்திரையோட கூடாது. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற மருந்தோடவும் கூடாது!

ஏன் கூடாது? இந்த மருந்து மூலக்கூறோட ஒரு ஓரத்துல ஆக்சிஜன் அணுக்கள் வரிசையா உட்கார்ந்திருக்கு. கிட்டத்தட்ட நண்டோட கொடுக்கு மாதிரி. கால்சியம், மக்னீசியம், இரும்பு, அலுமினியம்... இதுல எது பக்கத்துல வந்தாலும் 'கப்'புனு கவ்விப் பிடிச்சிடும். பால்ல இருக்கிற கால்சியத்தைப் பிடிச்ச மருந்து, குடல்ல இருந்து ரத்தத்துக்குப் போகாது. நேரா வெளியே! எட்டு வயசுக்குக் கீழே இருக்கிற குழந்தைகளுக்கு டெட்ராசைக்ளினை டாக்டர்கள் தவிர்க்கிறதும் இதனாலதான். வளர்ற பல்லுல இருக்கிற கால்சியத்தைப் பிடிச்சுக்கிட்டு அங்கேயே குடியேறி, பல்லை மஞ்சளாக்கிடும்.

'சரி, இது மெடிக்கல் காலேஜ் சமாசாரம்தானே, நமக்கெதுக்கு?'னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. இதே நண்டுப் பிடி ராமநாதபுரம் கண்மாய்க்கரையிலேயும் முதுகுளத்தூர் மிளகாய்க் காட்டுலேயும் தொண்டி இறால் பண்ணைச் சேத்துலேயும் நடக்கக்கூடியது. பிடிக்கிற இடம் மட்டும்தான் வேற. குடலுக்குப் பதிலா மண்!

மண்ணுக்கு மருந்து யார் கொடுத்தது?

நாமதான்! மாத்திரையை முழுங்கிட்டா அது உடம்புக்குள்ளேயே கரைஞ்சு காணாமப் போயிடும்னு நினைக்கிறோம். அப்படி இல்லை பாஸ். காய்ச்சலுக்கும் வயித்துப்போக்குக்கும் சர்வசாதாரணமா வாங்கிச் சாப்பிடறோமே சிப்ரோஃப்ளாக்ஸசின், அதுல 40 முதல் 50 சதவிகிதம் வரை எந்த மாற்றமும் இல்லாம சிறுநீர்லேயே வெளியேறிடுது. அமாக்ஸிசிலின்ல பாதிக்கும் மேலே! செப்டிக் டேங்க், சாக்கடை, வாய்க்கால்னு அது பயணம் போய்ச் சேர்ற இடம் மண்.

ரெண்டாவது ரூட், ஆடு மாடு கோழி. நம்ம மாவட்டத்து ஸ்பெஷல் ஒண்ணு இருக்கு, கிடை போடறது. அறுவடை முடிஞ்ச வயல்ல ராத்திரி முழுக்க ஆட்டு மந்தையை அடைச்சு வைப்பாங்க. புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். கீதாரிக்கு அதுக்குக் கூலி. ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல்னு ஊர்ப் பேரையும் மண்ணோட பேரையும் சுமக்கிற செம்மறி ஆட்டு ரகங்களே நம்மகிட்ட இருக்கு. யூரியா மூட்டை வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்த அருமையான ஏற்பாடு அது. ஆனா அந்த ஆட்டுக்குச் சளி, காய்ச்சல்னு ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசி போட்டிருந்தா, மருந்துல பெரும்பகுதி உருமாறாம அப்படியே கிடைக்குள்ளே இறங்கும். கோழி எருவுக்கும் இதே கதைதான்.

மூணாவது ரூட், நம்ம ஹாஸ்டல் ஜன்னல்! அஞ்சு நாள் கோர்ஸ்ல மூணு நாள் சாப்பிட்டு, 'சரியாப் போச்சு'ன்னு மிச்சத்தைக் குப்பையில வீசறோமே, அந்த ஸ்ட்ரிப்.

மண்ணுல பொறந்து மண்ணுக்கே...

இதுல ஒரு சூப்பர் ட்விஸ்ட் இருக்கு. இந்த மருந்துகள்ல பலது பொறந்ததே மண்ணுலதான்! காசநோய்க்கு முதல் முதலா வேலை செஞ்ச ஸ்ட்ரெப்டோமைசினை 1943-ல் கண்டுபிடிச்சது மண்ணுல வாழ்ற ஒரு பாக்டீரியாகிட்ட இருந்து. டெட்ராசைக்ளின் குடும்பத்தோட மூத்த பிள்ளை ஆரியோமைசின். அமெரிக்காவுல மிசௌரி பல்கலைக்கழகத்தோட ஒரு சோதனை வயல்ல எடுத்த மண்ணுல இருந்து அது கிடைச்சது. கண்டுபிடிச்சவர் பெஞ்சமின் டக்கர். அவர் வேலை பார்த்த லெடர்லே ஆய்வுக்கூடத்துக்கு அப்போ டைரக்டரா இருந்தவர் யார் தெரியுமா? சென்னை மருத்துவக் கல்லூரியில படிச்ச எல்லாப்பிரகட சுப்பாராவ்!

அடுத்து 1950-ல் வந்தது ஆக்ஸிடெட்ராசைக்ளின். அதுக்கு வெச்ச பேர் 'டெராமைசின்'. 'டெர்ரா'ன்னா லத்தீன்ல பூமி, மண். கால்நடை ஆஸ்பத்திரிகள்ல இன்னிக்கும் புழங்குற பேர் அது. பேர்லேயே மண்ணை வெச்சிருக்கிற மருந்து, ஆட்டு வழியா திரும்பவும் மண்ணுக்கே வருது!

'அப்போ என்ன தப்பு? வீட்டுப் பிள்ளை வீட்டுக்கு வருது'ன்னு கேட்பீங்க. மண்ணுல இருக்கிற பாக்டீரியா தயாரிச்சது துளித்துளியா. நாம கொட்டறது டன் கணக்குல. வித்தியாசம் அங்கேதான்.

பரோட்டாவும் சால்னாவும்

சிவில் டிபார்ட்மென்ட் மக்களுக்குக் கரிசல் மண்ணுன்னாலே அலர்ஜி. மழை பெஞ்சா உப்பும், வெயில் அடிச்சா பாளம் பாளமா வெடிக்கும். மேலே கட்டின சுவர்ல விரிசல் விடும். காரணம், அதுல இருக்கிற மான்ட்மோரில்லோனைட்ங்கிற களிமண் கனிமம். கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடி பக்கம் கரிசல் காட்டுல நடந்து போனா செருப்போட அடியில அப்பிக்கிட்டு வருமே, அதே பார்ட்டிதான்.

இந்தக் கனிமம் பரோட்டா மாதிரி. மெல்லிசு மெல்லிசா அடுக்கு. அடுக்குக்கு நடுவுல இடைவெளி. தண்ணி உள்ளே போனா உப்பறது இதனாலதான். இந்த அடுக்குகளை எல்லாம் பிரிச்சு விரிச்சா ஒரே ஒரு கிராம் மான்ட்மோரில்லோனைட்டோட பரப்பு சுமார் 800 சதுர மீட்டர். ஒரு கிரிக்கெட் பிட்ச்சோட பரப்பு 61 சதுர மீட்டர்தான். அப்படின்னா ஒரு சிட்டிகை களிமண்ணுக்குள்ளே 13 பிட்ச்! கயோலினைட்னு இன்னொரு களிமண் இருக்கு, அதுக்கு 10 முதல் 20 சதுர மீட்டர்தான் தேறும். கடற்கரை மணலுக்கு ஒரு சதுர மீட்டர்கூடத் தேறாது.

பரப்பு மட்டும் இல்லை, இந்த அடுக்குகள் மேலே நெகட்டிவ் சார்ஜ் இருக்கு. பாசிட்டிவ் சார்ஜோட வர்ற எதையும் 'வாங்க வாங்க'ன்னு இழுத்து உட்கார வைக்கும். பரோட்டா அடுக்குக்குள்ளே சால்னா இறங்குற மாதிரி மருந்து உள்ளே இறங்கிடும். இது சும்மா கற்பனை இல்லை. அமெரிக்க விவசாயத் துறை விஞ்ஞானிகள் 1961-லேயே இந்தக் களிமண்ணை ஸ்ட்ரெப்டோமைசின் மாதிரி மருந்துகளோட கலந்து எக்ஸ்ரே முறையில ஆராய்ஞ்சு பார்த்தாங்க. மருந்து போய் உட்கார்ந்ததுல அடுக்குகளுக்கு நடுவுல இருந்த இடைவெளியே அகலமாயிருந்தது!

பாம்பன் பாலம் தியரி

இங்கே ஒரு புத்திசாலி டவுட் வரணும். கரிசல் மண்ணோட பி.எச். பெரும்பாலும் 8 பக்கத்துல, அதாவது காரத்தன்மை. அந்த நிலையில டெட்ராசைக்ளின்ல பாசிட்டிவ் குறைஞ்சு நெகட்டிவ் கூடிடும். மண்ணும் நெகட்டிவ், மருந்தும் நெகட்டிவ்னா ஒண்ணை ஒண்ணு தள்ளிவிடணுமே, எப்படி ஒட்டுது?

நடுவுல ஒரு பாம்பன் பாலம் இருக்கு பாஸ்! கரிசல் மண்ணுல கால்சியம் நிறைய. கால்சியத்துக்கு ரெண்டு பாசிட்டிவ் சார்ஜ். ஒரு பக்கம் மண்ணு, இன்னொரு பக்கம் மருந்து, ரெண்டையும் அது இணைச்சு வெச்சுக்கும். மண்டபத்தையும் ராமேஸ்வரத்தையும் பாலம் இணைக்கிற மாதிரி. நாம முதல்ல பார்த்த பால் மேட்டரேதான். அங்கே பால்ல இருந்த கால்சியம், இங்கே களிமண் மேலே உட்கார்ந்திருக்கு.

இரும்பும் இதே வேலையைச் செய்யும். பக்கத்து தூத்துக்குடி மாவட்டத்துல குதிரைமொழித் தேரி பார்த்திருக்கீங்களா? செக்கச்செவேல்னு மணல் மேடு. ஒவ்வொரு மணலுக்கும் மேலே இரும்பு ஆக்சைடு பூச்சு. சிப்ரோஃப்ளாக்ஸசினுக்கு இரும்பு, அலுமினியம் ஆக்சைடுன்னா உயிர். அதுக்கும் ஒரு கொடுக்கு இருக்கு, அப்படியே பிடிச்சுக்கும்.

ஆனா எல்லா மருந்தும் ஒட்டாது. ஸல்ஃபாமெதாக்ஸசோல்னு ஒரு சல்ஃபா மருந்து இருக்கு. காரத்தன்மை இருக்கிற மண்ணுல அதுவும் நெகட்டிவ். ஆனா அதுகிட்ட இந்த அளவுக்குப் பலமான கொடுக்கு கிடையாது. மண்ணு கண்டுக்காது, மருந்தும் கண்டுக்காது. மழைத் தண்ணியோட கீழே இறங்கி நிலத்தடி நீருக்குப் போயிடும். பென்சிலின் குடும்பம் வேற டைப். அதோட வளையம் தண்ணியில சீக்கிரமே உடைஞ்சிடும். மண்ணுல ரொம்ப நாள் தாக்குப்பிடிக்காது.

ஆக, 'மண்ணு வடிகட்டிடும்'னு பொத்தாம்பொதுவா சொல்ல முடியாது. எந்த மண்ணு, எந்த மருந்து, என்ன பி.எச்.னு மூணையும் கேட்டுட்டுத்தான் பதில் சொல்லணும்.

தனுஷ்கோடி ஊற்று

கரிசலை விட்டுட்டு இப்போ பாலத்தைத் தாண்டி ராமேஸ்வரம் தீவுக்கு வாங்க. ரெண்டு பக்கமும் கடல் இருக்கிற தனுஷ்கோடி மணல்ல, கையால பள்ளம் தோண்டி நல்ல தண்ணி எடுக்கிற மீனவக் குடும்பங்களைப் பார்த்திருப்பீங்க. சுத்திலும் உப்பு, நடுவுல இனிப்பான ஊற்று! மேஜிக் எல்லாம் இல்லை. மழைத் தண்ணி மணல்ல சரசரன்னு இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணிக்கு மேலே மிதக்குது. நல்ல தண்ணிக்கு எடை கம்மி, அதான்.

கவனிங்க, அந்த ஊற்றைக் கொடுக்கிறது மணலோட எந்தக் குணம்? எதையும் பிடிச்சு வைக்காம கீழே விடற குணம். மழையை விடற மணல், மழையில கரைஞ்சு வர்றதையும் விடும்! சிப்பி, பவளத் துகள்கள்ல கால்சியம் இருக்கிறதால டெட்ராசைக்ளினைக் கொஞ்சம் பிடிக்கலாம். ஆனா பரப்பு ரொம்பக் கம்மி. கரிசல்ல மேல்மண்ணுலேயே மாட்டிக்கிற மருந்துக்கு இங்கே தடுப்புச் சுவரே கிடையாது.

லட்சக்கணக்கான பேர் வந்து போற ஊர் ராமேஸ்வரம். கோயிலுக்குள்ளேயே 22 தீர்த்தம். நான் எந்தக் கிணத்தையும் குறை சொல்லலை. மணலோட இயல்பைச் சொல்றேன். மணல் மேலே நிற்கிற ஊர்ல சாக்கடையும் செப்டிக் டேங்க்கும் எப்படி இருக்குங்கிறது, கரிசல் ஊரைவிடப் பல மடங்கு முக்கியம். அங்கே மண்ணு கொஞ்சம் நம்மளைக் காப்பாத்தும். இங்கே நாமதான் தண்ணியைக் காப்பாத்தணும்.

பிடிச்சாச்சு, கதை முடிஞ்சுதா?

'சரி, கரிசல் மண்ணு மருந்தைப் பிடிச்சுக்குதே, நல்லதுதானே? சுபம் போட்டுடலாமா?'

அவசரப்படாதீங்க. மண்ணு மருந்தை விலைக்கு வாங்கலை, அடகு பிடிச்சு வெச்சிருக்கு. அடகுல இருக்கிற நகை காணாமப் போறதில்லை. என்னிக்கு வேணா வெளியே வரலாம்.

எப்போ வரும்? பி.எச். மாறினா வரும். உப்புத் தண்ணி உள்ளே ஏறினா சோடியம், மக்னீசியம்னு ஒரு கும்பலே வந்து, பஸ்ல சீட்டுக்கு அடிச்சுக்கிற மாதிரி மருந்தோட இடத்துக்குப் போட்டி போடும். வயல்ல பாஸ்பேட் உரம் போட்டா, இரும்பு ஆக்சைடு மேலே உட்கார்ந்திருக்கிற மருந்தை அது தள்ளிவிடும். புதுப் பாம்பன் பாலத்துல கப்பல் வந்தா நடுப்பகுதி மேலே தூக்குமே, அப்படித்தான். பாலம்னா எப்பவும் மூடியே இருக்கும்னு நினைக்கக் கூடாது.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். அடகுல இருக்கும்போதே அது சும்மா இருக்கிறதில்லை! அமெரிக்காவுல மின்னசோட்டா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2005-ல் ஒரு சோதனை பண்ணினாங்க. டெட்ராசைக்ளினை மண்ணுல ஒட்ட வெச்சு, அதுக்குப் பக்கத்துல பாக்டீரியாவை விட்டாங்க. மண்ணோட ஒட்டியிருந்தும்கூட மருந்து பாக்டீரியாவைத் தாக்கியது. மண்ணுக்கு ஏத்த மாதிரி வீரியம் குறைஞ்சது, ஆனா பூஜ்யம் ஆகலை.

'வீரியம் குறைஞ்சா நல்லதுதானே?' அதுதான் இல்லை. ஸ்வீடன்ல உப்சாலா பல்கலைக்கழக ஆய்வு 2011-ல் சொன்னது என்னன்னா, பாக்டீரியாவைக் கொல்ற அளவைவிட ரொம்ப ரொம்பக் குறைவான மருந்து இருந்தாலே போதும், எதிர்ப்புச் சக்தி உள்ள பாக்டீரியா மத்தவங்களை முந்திக்கிட்டு பெருகிடும். முழு டோஸ் எதிரியைக் கொல்லும். அரைகுறை டோஸ் எதிரிக்கு டிரெய்னிங் கொடுக்கும்! மண்ணு வருஷக்கணக்கா துளித்துளியா கொடுக்கிறது அந்த டிரெய்னிங்தான். அடகுக்கு வட்டின்னு வெச்சுக்குங்களேன்.

மண்ணு பாக்டீரியாவுக்கு இந்தப் பாடம் புதுசும் இல்லை. கனடாவுல 30,000 வருஷத்துக்கு முந்தின உறைபனி மண்ணுல டெட்ராசைக்ளினை எதிர்க்கிற ஜீன்கள் கிடைச்சிருக்கு. மனுஷன் மாத்திரை கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே புக் ரெடி. நாம மருந்தைக் கொட்டக் கொட்ட, அந்த புக்கை ஜெராக்ஸ் எடுத்து எல்லாருக்கும் விநியோகம் பண்றாங்க. ஒரு பாக்டீரியா இன்னொண்ணுக்கு ஜீனைக் கைமாத்தாகக் கொடுக்க முடியும். மண்ணுல இருக்கிற அப்பாவிப் பாக்டீரியாவிடம் இருந்து நோய்க்கிருமிக்கு அது போய்ச் சேர்ந்தா, பாதிப்பு ஆஸ்பத்திரி பெட்ல படுத்திருக்கிறவருக்கு.

பட்டஞ்சேரு தந்த ஷாக்

'இதெல்லாம் நம்ம நாட்டுல நடந்திருக்கா?' நடந்திருக்கு. ஹைதராபாத் பக்கத்துல பட்டஞ்சேரு. சுமார் 90 மருந்துக் கம்பெனிகளோட கழிவுநீரைச் சுத்திகரிக்கிற ஒரு நிலையம். அதுல இருந்து 'சுத்தமாகி' வெளியே வந்த தண்ணியை ஸ்வீடன் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தாங்க. 2007-ல் வெளியான ரிசல்ட்: ஒரு லிட்டர் தண்ணியில 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்ஸசின்! மருந்து சாப்பிட்ட மனுஷனோட ரத்தத்துல இருக்கிற அளவைவிட அதிகம். ஒரு நாளைக்குச் சுமார் 45 கிலோ சிப்ரோ அந்தத் தண்ணியில போயிக்கிட்டிருந்ததா கணக்குப் போட்டாங்க. ஸ்வீடன் நாடு முழுக்க அஞ்சு நாள் சாப்பிடற அளவு!

நம்ம சப்ஜெக்ட்டுக்கு முக்கியமானது அடுத்த பார்ட். 2011-ல் அந்த ஆத்தோட அடிவண்டலை எடுத்து டி.என்.ஏ. படிச்சுப் பார்த்தாங்க. எதிர்ப்பு ஜீன்கள் கொட்டிக் கிடந்தது. அந்த ஜீன்களைக் கைமாத்திவிடற உறுப்புகளும் சேர்ந்தே இருந்தது. தண்ணி ஓடிப்போச்சு, வண்டல் பிடிச்சு வெச்சுக்கிட்டது.

நம்ம ஊர்ல பட்டஞ்சேரு மாதிரி தொழிற்சாலைக் கூட்டம் கிடையாது. ஆனா வண்டல் இருக்கு. கண்மாய் வண்டலை அள்ளி வயல்ல கொட்டறது தலைமுறை தலைமுறையா வர்ற பழக்கம். மண்ணுக்கு அதைவிட நல்ல டானிக் இல்லை. அந்த வண்டல்லதான் மெல்லிசான களிமண் அதிகம். அதனால எதையும் பிடிச்சு வைக்கிற குணமும் அதிகம். கண்மாய்க்குள்ளே சாக்கடையைத் திருப்பிவிட்டா, நாம அள்ளறது உரம் மட்டுமா இருக்காது. புவிசார் குறியீடு வாங்கின முண்டு மிளகாய் விளையற மண்ணுங்க இது. யோசிங்க.

இறால் குட்டைக்கு அடியில...

கடலோரத்துக்கு வருவோம். இறால் குட்டையில ஆக்ஸிடெட்ராசைக்ளினைத் தீவனத்தோட போட்டா என்ன ஆகும்? கடல் தண்ணியில மக்னீசியமும் கால்சியமும் ஏராளம். மருந்தோட கொடுக்கை உடனே அடைச்சிடும். 'கேட்கலையே'ன்னு டோஸைக் கூட்டினா, இறால் தின்னாத மிச்சம் அடியில இருக்கிற சேத்துல போய்ப் படியும். வெளிச்சமும் ஆக்சிஜனும் இல்லாத அந்தச் சேத்துல மருந்து லேசுல சிதையாது. நார்வேயில மீன் பண்ணைகளுக்கு அடியில எடுத்த சேத்தை வெச்சு 1988-ல் வெளியான ஆய்வு, பாதி மருந்து குறையவே சுமார் பத்து வாரம் ஆகுதுன்னு சொன்னது.

இதுல காமெடி என்னன்னா, 1990-கள்ல நம்ம இறால் பண்ணைகளைப் புரட்டிப்போட்ட வெள்ளைப்புள்ளி நோய்க்குக் காரணம் வைரஸ். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் எந்த வேலையும் செய்யாது. நாம வைரல் ஃபீவருக்கு அஸித்ரோமைசின் வாங்கிச் சாப்பிடற அதே காமெடி!

குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃப்யூரான் வகை மருந்துகளை இறால் வளர்ப்புல பயன்படுத்த ரொம்ப நாளாவே தடை இருக்கு. 2025 மார்ச்ல மத்திய அரசு இன்னும் ஒரு படி மேலே போய், உணவுக்காக வளர்க்கிற எந்த உயிரினத்துக்கும் இந்த மருந்துகளைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாதுன்னு அறிவிச்சது. கோழிப் பண்ணைகள்ல புழங்கின கொலிஸ்டினுக்கு 2019-லேயே தடை.

'தடை போட்டா தொழில் படுத்துடுமே'ன்னு சொல்றவங்களுக்கு நார்வேயே பதில். 1987-ல் அங்கே மீன் பண்ணைகள் கொட்டின ஆன்டிபயாடிக் சுமார் 50 டன். சால்மன் மீனுக்குத் தடுப்பூசி வந்தது. 1990-களோட கடைசியில அது ஒரு டன்னுக்கும் கீழே இறங்கிடுச்சு. மீன் உற்பத்தி? பல மடங்கு ஏறுச்சு!

நீங்களே செஞ்சு பாருங்க!

நம்பிக்கை வரலையா? ஒரு ஈஸி எக்ஸ்பெரிமென்ட். வண்ண மீன் கடையில மெத்திலீன் ப்ளூ கிடைக்கும். அது பாசிட்டிவ் சார்ஜ் உள்ள சாயம், அதனால களிமண் பார்வையில அதுவும் மருந்துக்கு அண்ணன் தம்பி. ரெண்டு வாட்டர் பாட்டில்ல முக்கால்வாசி தண்ணி ஊத்தி, ரெண்டுலேயும் சமமா சில சொட்டு விடுங்க. ஒண்ணுல ரெண்டு ஸ்பூன் கரிசல் மண்ணு, இன்னொண்ணுல ரெண்டு ஸ்பூன் கடற்கரை மணல். நல்லா குலுக்கி ராத்திரி முழுக்க அப்படியே வெச்சிடுங்க. காலையில மணல் பாட்டில்ல தண்ணி இன்னும் நீலமா இருக்கும். கரிசல் பாட்டில்ல நீலம் பெரும்பாலும் மண்ணோட அடியில போயிருக்கும். சிவில் லேப்ல களிமண்ணை அளக்கிற மெத்திலீன் ப்ளூ டெஸ்ட்டோட அடிப்படையே இதுதான்.

முக்கியமா ஒண்ணு: கரிசல் பாட்டில் தண்ணியில நீலம் காணாமப் போச்சேன்னு ஏமாந்துடாதீங்க. அடியில இருக்கிற மண்ணை உத்துப் பாருங்க. நீலம் அங்கேதான் உட்கார்ந்திருக்கு. (யூனிஃபார்ம்ல படாம பார்த்துக்குங்க, அம்மா கேட்டா நான் பொறுப்பில்லை!)

நம்ம கையில என்ன இருக்கு?

* டாக்டர் சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக் வாங்காதீங்க. அட்டையில சிவப்புக் கோடு இருக்கான்னு பாருங்க. வீரியமான பல ஆன்டிபயாடிக்குகளுக்கு 2014-ல் இருந்தே தனி ரெஜிஸ்டர்ல எழுதி வெச்சுத்தான் விற்கணும்னு சட்டம் இருக்கு. ரூம்மேட் மிச்சம் வெச்ச மாத்திரை உங்க மாத்திரை இல்லை!

* டாக்டர் எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாள் சாப்பிடுங்க. மிச்சமே வராது.

* மிச்சம் வந்தா டாய்லெட்டுல போட்டு ஃப்ளஷ் பண்ணாதீங்க, கண்மாயில வீசாதீங்க. மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் ஃப்ளஷ் பண்ணச் சொன்ன 17 மருந்துகள் லிஸ்ட்டுல ஆன்டிபயாடிக் ஒண்ணுகூடக் கிடையாது. தனியாக் கட்டி, 'மருந்து'ன்னு சொல்லி தூய்மைப் பணியாளர் கையில கொடுங்க. கேரளாவுல 2025-ல் வீடு வீடா வந்து பழைய மருந்தை வாங்கிக்கிற திட்டமே ஆரம்பிச்சாங்க. நம்ம காலேஜ் என்.எஸ்.எஸ். யூனிட் மனசு வெச்சா ஹாஸ்டலுக்கு ஒரு டப்பா வைக்க முடியாதா?

* வீட்டுல ஆடு மாடு இருந்தா, ஊசி போட்ட ஆட்டைச் சில நாள் கிடையில சேர்க்காம தனியா கட்டச் சொல்லுங்க. கறிக்கும் பாலுக்கும் 'இத்தனை நாள் கழிச்சு'ன்னு கால்நடை டாக்டர் சொல்ற கெடுவை மதிக்கச் சொல்லுங்க. கோழி எருவைப் பச்சையா கொட்டாம நல்லா மக்க வெச்சுப் போட்டா, டெட்ராசைக்ளின் மாதிரி மருந்துகள் கணிசமா சிதைஞ்சிடும்.

* இன்ஜினீயரிங் ஜூனியர்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு தலைப்பு தேடி கூகுள்ல அலைய வேணாம். உங்க ஊர்க் கண்மாய் வண்டல், கரிசல், கடற்கரை மணல்னு மூணு சாம்பிள் எடுங்க. எது எந்த மருந்தை எவ்வளவு பிடிக்குது, உப்புத் தண்ணி பட்டா எவ்வளவு விடுதுன்னு அளந்து பாருங்க. கலெக்டர் ஆபீஸ்ல இருந்து கால்நடை ஆஸ்பத்திரி வரைக்கும் உபயோகப்படுற ரிப்போர்ட் அது. ரெடிமேட் ப்ராஜெக்ட் வாங்கி பைண்டிங் போடறதைவிட ஆயிரம் மடங்கு கெத்து!

நம்ம தாத்தா காலத்துல ஒரு சின்ன வெட்டுக்காயம் சீழ் பிடிச்சு உயிரையே எடுத்திருக்கு. அதுல இருந்து காப்பாத்தின மருந்தை நமக்குக் கொடுத்தது ஒரு பிடி மண்ணு. அந்த மருந்து நம்ம பேரப்பிள்ளைகளுக்கும் வேலை செய்யணும்னா, அதே மண்ணுக்குள்ளே எதை அடகு வைக்கிறோம்னு நாம கணக்கு வெச்சே ஆகணும்.

எக்ஸ்பெரிமென்ட் செஞ்சவங்க, எந்த ஊர் மண்ணு, எவ்வளவு நீலம் மிச்சம் இருந்ததுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம், பை பை!